ஈஸ்டர் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடாமல் இருக்க

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), மனைவி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஐந்து வயதும். ஈஸ்டர் என்றால் வீட்டில் புதுத்துணி, பிரியாணி, அப்புறம் மத்தியானத் தூக்கம். பிள்ளைகளுக்கோ பள்ளியில் காட்டிய முயலும் சாக்லேட் முட்டையும்தான் தெரியும். முட்டை வாங்கிக் கொடுப்பது சரியா என்று கேட்டிருந்தாலும், உங்கள் உண்மையான கவலை அதுவல்ல. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதுதான் இந்தப் பண்டிகை என்று பிள்ளைகள் மனதில் எப்படிப் பதிய வைப்பது என்பதே கேள்வி. மறைக்கல்வி வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எனக்கு ஆர்.சி. வழிபாடு பழக்கம், சி.எஸ்.ஐ. முறையை வெளியிலிருந்து அறிந்தவன். என் பதிலுக்கும் உங்கள் பங்குத்தந்தையோ சபை ஐயரோ சொல்வதற்கும் முரண் வந்தால், அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரியாணியை விட்டுவிடுங்கள். அதாவது, அதைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நாற்பது நாள் கவிச்சி தொடாமல் இருந்துவிட்டு ஈஸ்டரன்று விருந்து சமைப்பது விசுவாசத்தின் செயல்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி இரவு என்று மூன்று நாளும் கோயில் நம்மைக் கையைப் பிடித்து நடத்திச் செல்கிறது. ஞாயிறு காலையில் அந்தக் கை விலகியதும் வீட்டில் தொடர்ச்சியாக ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு முந்திய நோன்பான தபசுக் காலம் 40 நாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஈஸ்டரைக் கொண்டாடும் பாஸ்கா காலம் 50 நாள், தூய ஆவி இறங்கிய நாளான பெந்தகோஸ்தே வரை நீள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, பெந்தகோஸ்தே மே 24. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, பெந்தகோஸ்தே மே 16. சிலுவைப் பாதைக்கு வெள்ளிதோறும் போகும் குடும்பம், உயிர்ப்பின் கதையை வீட்டில் ஒரு முறைகூட முழுதாக வாசிப்பதில்லை. அதனால் பிள்ளைக்கு இயேசு இறந்த கதை நுணுக்கமாகத் தெரிகிறது, உயிர்த்த கதை ஒற்றை வரியாகத் தெரிகிறது. நான் சொல்லப்போவதில் முக்கியமான பகுதி ஈஸ்டர் தொடங்கி எட்டு நாளைப் பற்றியதாக இருப்பது இதனால்தான்.

முதலில் ஈஸ்டருக்கு முந்திய வாரத்தைப் பார்ப்போம். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தரும் ஓலையை வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சென்னை வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்து, மடித்தால் வெடிக்கும். ஈர்க்கை உருவிவிட்டு, ஒரு விரல் அகலத்தில் ஒன்றரை முழ நீளத்தில் ஒன்றும் அதில் பாதியில் ஒன்றுமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். நீளமானதை இரண்டாக மடித்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடத்தில் குட்டையானதைக் குறுக்கே செருகி, ஒரு சுற்றுச் சுற்றி மடிப்புக்குள் இழுத்து இறுக்கினால் சிலுவை. ஒன்பது வயதுப் பிள்ளை தானே செய்யும். அதைப் படத்தருகே ஒரு வருடம் வைத்திருந்து, அடுத்த ஆண்டு தபசுக் காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் பங்கில் கொடுத்துவிடுங்கள். அதை எரித்துத்தான் நெற்றியில் பூசும் சாம்பல் எடுப்பார்கள்.

பெரிய வியாழன் சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்புமுன் வீட்டில் பாதம் கழுவலாம். பத்து நிமிடம் போதும். யோவான் 13:1-15 வாசியுங்கள். ஒரு தாம்பாளம், ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. அப்பா குனிந்து அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கழுவித் துடைக்க வேண்டும். பெரியவர் காலைச் சின்னவர் தொடுவதுதான் நம் ஊர் வழக்கம் என்பதால், இது தலைகீழாவதைப் பிள்ளைகள் உடனே கவனிப்பார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் காலை இழுத்துக்கொள்வார். வற்புறுத்த வேண்டாம், பேதுருவும் முதலில் மறுத்தார் என்று அந்த இடத்தையே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வேலைக்கு வரும் அக்காவை உட்கார வைத்துக் கழுவுவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்; அவரால் மறுக்க முடியாத இடத்தில் அது அவருக்குச் சங்கடமாகிவிடும். சிலர் இப்போது வியாழனன்று வீட்டில் யூதர்களின் பாஸ்கா விருந்தை அப்படியே நடத்திப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று யூதர் வீடுகளில் நடக்கும் விருந்து முறை, கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு உருவானது. இயேசு உண்ட இரவுணவின் நகல் என்று அதைச் சொல்ல முடியாது. தவிர, அது இன்னொரு சமயத்தாரின் உயிருள்ள வழிபாடு.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கச் சட்டம் இது: 14 வயது நிறைந்தவர்களுக்கு இறைச்சி கிடையாது, 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் ஒரு முழு உணவும் சிறிதளவாக இரண்டு வேளையும் மட்டும் உண்ண வேண்டும். உங்கள் பிள்ளைகள் இருவரையும் இது கட்டுப்படுத்தாது. ஐந்து வயதுக் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். மீன் சட்டப்படி அனுமதிதான். ஆனால் கறி இல்லையென்று வஞ்சிரம் வாங்கி வறுத்தால் சட்டம் மிஞ்சும், நோன்பு போய்விடும். கஞ்சி வையுங்கள். நான்கு பேருக்கு ஒரு டம்ளர் புழுங்கலரிசி நொய், கால் டம்ளர் பாசிப்பயறு, எட்டு டம்ளர் தண்ணீர். பயறையும் நொய்யையும் ஒன்றாகப் போட்டால் நொய் குழைந்து பயறு கடுக்கென்று நிற்கும். பயறை வறுத்து, குக்கரில் இரண்டு விசில் விட்டு இறக்கி, பிறகு நொய் சேருங்கள். உப்பு, ஒரு பிடி தேங்காய்த் துருவல், தொட்டுக்கொள்ளத் துவையல். மிச்சமான சமையல் செலவைப் பிள்ளைகள் கையாலேயே உண்டியலில் போடச் சொல்லுங்கள். உங்கள் இரு சபையையும் இணைக்கும் ஒரு செய்தி: மனைவியின் கோயிலில் பகல் 12 முதல் 3 வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை, 17-ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டின் லிமாவில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கிய பக்தி முயற்சியின் வழிவந்தது. அவர் அதற்குப் போகலாம், நீங்கள் திருப்பாடுகளின் வழிபாட்டுக்குப் போகலாம். பிள்ளைகளை இரண்டுக்கும் இழுத்துப் போகாதீர்கள்.

சின்னவனிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இயேசு "தூங்கினார், பிறகு எழுந்தார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். இரண்டு கெடுதல் உண்டு: உயிர்ப்பு வெறும் விழிப்பாகச் சுருங்கிவிடும், தாத்தாவோ பாட்டியோ இறக்கும்போது அவர்களும் எழுந்து வருவார்கள் என்று பிள்ளை காத்திருக்கும், அல்லது தூங்கவே பயப்படும். "இறந்துபோனார். மூச்சு நின்றுவிட்டது. கல்லறையில் வைத்தார்கள். கடவுள் அவரை உயிரோடு எழுப்பினார், இனி அவருக்குச் சாவு இல்லை." ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும்.

சனிக்கிழமைதான் வீடு கவிழும் நாள். மட்டன் வாங்குவது, மசாலா அரைப்பது, துணி தேய்ப்பது எல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளினால் இரவு பத்தரைக்கு அம்மா அடுப்படியில் இருப்பார், பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். காலை பதினொன்றுக்குள் மசாலாவும் இஞ்சி பூண்டு விழுதும் முடிந்து, கறி தயிரில் ஊறி ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பிள்ளைகளைக் கட்டாயம் தூங்க வையுங்கள். சனி இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும், விடியுமுன் முடிய வேண்டும் என்பது விதி. நம் பங்குகளில் பத்தரை, பதினொன்றுக்குத் தொடங்கி ஒன்று, ஒன்றரை வரை போகும். தூங்காத பிள்ளை முதல் வாசகத்திலேயே மடியில் சாய்ந்துவிடும்.

விழிப்பில் பிள்ளைகள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். மூன்றைச் சொல்லுங்கள். ஒன்று, தீ. கோயில் முழுக்க இருட்டாக இருக்கும். வெளியே புதுத்தீ மூட்டி, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியில் அந்த ஆண்டின் நான்கு எண்களையும் வரைந்து, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்து, ஏற்றி உள்ளே கொண்டுவருவார்கள். இரண்டு, செங்கடல். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. பங்குகளில் குறைத்து மூன்று நான்கு வாசிப்பார்கள், ஆனால் இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயணம் 14-ஆம் அதிகாரத்தை மட்டும் விடவே கூடாது. அந்தக் கதையைச் சனி மத்தியானம் வீட்டில் சொல்லிவிட்டால், இரவு அது வரும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காரும். மூன்று, மணி. வியாழன் பூசையில் "உன்னதங்களிலே" பாடும்போது அடித்த கோயில் மணி அதற்குப் பிறகு ஒலிக்காது, மரக்கட்டை தட்டுவார்கள். சனி இரவு அதே பாட்டுக்கு எல்லா மணியும் ஒரே நேரத்தில் அடிக்கும், விளக்கெல்லாம் எரியும். மூன்று நாள் மணிச் சத்தம் இல்லை என்பதைக் கவனித்திருக்கும் பிள்ளைக்கு அந்த நொடியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மெழுகுவர்த்தி விஷயத்தில் கவனம். எரியும் திரியைச் சாய்க்கக் கூடாது. எரியாத திரியைத்தான் சாய்த்துத் தீ வாங்க வேண்டும். இதை வீட்டிலேயே இரண்டு முறை பழக்குங்கள். பேப்பர் கப்பின் அடியில் துளையிட்டுத் திரியைச் செருகினால் மெழுகு கையில் ஒழுகாது. புதுத்துணி என்று நெட் கவுன், பாலியஸ்டர் பாவாடை போட்டுவந்தால் நெரிசலில் ஆபத்து. அந்த இரவுக்குப் பருத்தி போதும், பளபளப்பெல்லாம் பகலுக்கு. சின்னவனின் திரியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானத்தன்று கொடுத்த மெழுகுவர்த்தி வீட்டில் இருந்தால், எடுத்து வந்து அதையே ஏற்றுங்கள். அன்றிரவு சபை முழுவதும் திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது பிள்ளையின் கையில் இருக்க வேண்டிய திரி அதுதான். அந்தத் தேதியையும், ஞானத்தாய் ஞானத்தந்தை யார் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி, ஞாயிறு காலை அவர்களுக்கு முதல் போன் போடச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு மனைவியின் கோயில் முறை என்றால் அதிகாலை நான்கு, நாலரை ஆராதனை. அப்போது சனி இரவு எட்டரைக்குள் எல்லோரும் படுத்தாக வேண்டும். விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடும் வழக்கம் 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் என்ற சீர்திருத்தச் சபையினர் தொடங்கியது. சீர்திருத்தச் சபைகளில் அது உலகெங்கும் பரவியது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பதும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்ற பதிலும் வீட்டு வாசலில், போனில், லிஃப்டில் அன்று முழுக்க ஒலிக்கட்டும். "ஹேப்பி ஈஸ்டர்" சொல்லும் இடத்தில் இதைச் சொல்லப் பிள்ளைகள் ஒரே நாளில் பழகிவிடுவார்கள்.

முட்டைக்கு வருகிறேன். இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு என்பது உறுதி. கோழி நோன்பு இருக்காது; சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டரன்று விருந்தாயின. 1290-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், பொன்தகடு ஒட்டிப் பரிசளிக்க 450 முட்டை வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. கீழைச் சபைகளில் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். முயல் பின்னால் வந்தது; 1682-இல் ஒரு ஜெர்மானிய மருத்துவரின் நூலில் ஈஸ்டர் முயல் வழக்கம் விவரிக்கப்பட்டிருக்கிறது. முட்டையும் முயலும் ஒரு பழைய பெண் தெய்வத்தின் சின்னங்கள் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது நிரூபணமில்லாதது. அந்தத் தெய்வத்தைக் குறிப்பிடும் பழைய சான்று 8-ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி எழுதிய சில வரிகள். அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. ஆகவே முட்டை கொடுப்பது பாவமில்லை, கொடுக்காமல் விட்டால் குறையும் இல்லை. என் தேர்வு: சாக்லேட்டுக்குப் பதில் வீட்டிலேயே சிவப்பு முட்டை. பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். ஆறு வெள்ளை முட்டைகளை அந்த ஆறிய நீரில் போட்டுப் பிறகு அடுப்பை ஏற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொதிநீரில் போட்டால் ஓடு வெடித்துவிடும். கொதி வந்தபின் பன்னிரண்டு நிமிடம். செங்கல் சிவப்பு வரும். ஏப்ரல் வெக்கையில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஓட்டை உடைக்கும்போது, கல்லறை திறந்து உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்ததைச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான பகுதி. ஞாயிறு சாயங்காலம், தூங்கி எழுந்த பிறகு, லூக்கா 24:13-27 வாசித்துவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்துவிட்டு வாருங்கள். எம்மாவு எருசலேமிலிருந்து ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர் என்கிறார் லூக்கா. அந்த ஊர் சரியாக எது என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. நடக்கும்போது, "கூட வந்தவர் யார் என்று அவர்களுக்கு ஏன் தெரியவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி போடுங்கள். திரும்பி வந்து மேசையில் அப்பமோ ரொட்டியோ பிட்டுவைத்து 28 முதல் 35 வரை வாசியுங்கள். அந்தப் பகுதி நடந்ததும் உயிர்த்த ஞாயிறு சாயங்காலத்தில்தான்.

திங்கள் முதல் வியாழன் வரை, இரவு ஜெபத்தில் ஒரு நாளைக்கு ஒரு நற்செய்தி: மத்தேயு 28:1-10, மாற்கு 16:1-8, லூக்கா 24:1-12, யோவான் 20:1-18. பெரியவளிடம் ஒரு தாளில் கட்டம் போடச் சொல்லி, கல்லறைக்கு யார் போனார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மத்தேயுவில் இரண்டு மரியாக்கள். மாற்குவில் மூன்று பெண்கள். லூக்காவில் யோவன்னாவும் இன்னும் சிலரும். யோவானில் மகதலா மரியா. வானதூதர் ஓரிடத்தில் ஒருவர், ஓரிடத்தில் இருவர். "எது சரி?" என்று கேட்பாள். மழுப்பாதீர்கள். விவரங்கள் வேறுபடுகின்றன, அவற்றை முழுதும் இசைவிக்கும் முயற்சிகள் எதுவும் எல்லோராலும் ஏற்கப்படவில்லை என்று சொல்லுங்கள். நால்வரும் ஒன்றாகச் சொல்வதையும் காட்டுங்கள்: வாரத்தின் முதல் நாள், காலியான கல்லறை, முதலில் வந்தவர்கள் பெண்கள், அவர்களில் மகதலா மரியா. இயேசு எழுந்த நொடியை நால்வரில் ஒருவர்கூட வர்ணிக்கவில்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை. மாற்கு 16:9-20 மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டில் இல்லை என்பதையும் பெரியவளிடம் சொல்லலாம். ஒன்பது வயதில் கேட்டுவிட்டால் பத்தொன்பது வயதில் இணையத்தில் படித்து அதிர மாட்டாள். பிறகு 1 கொரிந்தியர் 15:3-8 வாசியுங்கள். 50-களின் நடுவில் எழுதப்பட்டது, நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது; தான் பெற்றுக்கொண்டதை ஒப்புவிப்பதாகப் பவுல் அதில் சொல்கிறார். அதே அதிகாரத்தில், கிறிஸ்து எழுந்திராவிட்டால் விசுவாசம் விருதா என்றும் எழுதுகிறார். கிறிஸ்தவனுக்கு இதைவிடப் பெரிய கூற்று இல்லை.

சனிக்கிழமை காலை மீன் குழம்பும் அப்பமும் வைத்து யோவான் 21. உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். வலையில் 153 மீன். தூத்துக்குடிக் குடும்பத்துக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கும் நற்செய்தி, சந்தேகப்பட்ட சீடர் தோமாவைப் பற்றியது, யோவான் 20:19-31. சென்னையில் இருப்பதால் அன்று பிள்ளைகளை அவருடையது என்று போற்றப்படும் சாந்தோம் கல்லறைக்கோ பரங்கிமலைக்கோ கூட்டிப்போங்கள். தோமா இங்கே வந்தார் என்பது தொன்மையான மரபு. 3-ஆம் நூற்றாண்டுச் சிரியாக் நூல் அவரை இந்தியாவோடு சேர்க்கிறது. அவர் வந்ததாகச் சொல்லும் கி.பி. 52-க்கும், இறந்ததாகச் சொல்லும் கி.பி. 72-க்கும் சமகாலச் சான்று கிடையாது. இரண்டையும் சொல்லியே அந்த இடத்தில் முழந்தாளிடலாம்; காயத்தைத் தொடக் கேட்டவரை இயேசு கடிந்து விரட்டவில்லை.

அந்த எட்டு நாளைக்கு மேல் தினமும் எதையும் திணிக்காதீர்கள். பெந்தகோஸ்தே வரை ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டின்போது அந்த ஞானஸ்நான மெழுகுவர்த்தியை ஏற்றி, சாப்பாட்டு ஜெபத்துக்கு முன் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" சொன்னால் போதும். மார்ச் 28-இல் ஈஸ்டர் வரும் ஆண்டில் பரீட்சை குறுக்கே நிற்கும். அப்போது நான்கு நற்செய்தியையும் நான்கு ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 50 நாள் இருக்கிறதே.

நீங்கள் கேட்காத ஒன்று உங்கள் வீட்டில் வரும்: அம்மா ஏன் அப்பாவின் கோயிலில் நற்கருணை வாங்குவதில்லை? இரு சபைகளும் இன்னும் ஒரே பந்தியில் அமரவில்லை, அதற்காக ஜெபிக்கிறோம் என்று உண்மையைச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தையும் குறைத்துப் பேசாதீர்கள். ஈஸ்டர் இரவை ஓர் ஆண்டு விழிப்பு, மறு ஆண்டு அதிகாலை ஆராதனை என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது பல குடும்பங்களில் நன்றாகவே நடக்கிறது. அதிகாலை ஆராதனைக்குப் போகும் ஆண்டில் ஞாயிறு காலைப் பூசையை நீங்கள் விட வேண்டியதில்லை.

குடும்பத்தில் அந்த வருடம் யாராவது இறந்திருந்தால், பண்டிகை வேண்டாம் என்று வீட்டைப் பூட்டிவைப்பது நம் வழக்கம். புதுத்துணியையும் விருந்தையும் விடலாம், உயிர்ப்பு வழிபாட்டை விடாதீர்கள். இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பில் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு ஒவ்வொரு ஈஸ்டரும் நினைவுநாளும்தான். ஞாயிறு காலை கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து, 1 தெசலோனிக்கேயர் 4:13-18 வாசியுங்கள். அங்கேயும் அதே வாழ்த்தைச் சத்தமாகச் சொல்லலாம். பிள்ளைகளையும் உடன் கூட்டிப்போங்கள்.